மாஸ்க் மட்டும் சொந்தம்: எட்டு வரிக்கு ஓர் உரை

ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்து வண்டித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் கோவளத்தில் வார இறுதி ஸ்கூபா வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, "என்னென்ன சாமான் வாங்கணும்?" என்று கேட்டார்கள். எட்டு வரி எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்றைக்கு இரவு ஷிப்ட் பஸ் வாலாஜாபாத் சாலையைத் தாண்டுவதற்குள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவிட்டார்கள். ஒரு டிரெய்னி தம்பி, "சார், முழு செட்டும் ஆஃபர்ல வருது, போட்டுடவா?" என்று படம் அனுப்பினான். சூத்திரம் எழுதினால் உரையும் எழுதத்தான் வேண்டும் போலிருக்கிறது. வைத்தியநாத தேசிகர் இலக்கண விளக்கத்துக்குத் தாமே உரை எழுதிய நாட்டில், நூலும் நானே உரையும் நானே என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

1. மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்கு. முகத்தில் வைத்துப் பார்த்து வாங்கு.

'மட்டும்' என்றதனால் மற்றதெல்லாம் விலக்கப்பட்டது. வகுப்பு நடத்துகிறவர்கள் ஜாக்கெட், சிலிண்டர், ரெகுலேட்டர், உடை எல்லாம் தருவார்கள். மாஸ்க்கும் தருவார்கள். ஆனால் ஜாக்கெட்டுக்கு ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவு உண்டு. முகத்துக்கு அப்படி அளவு கிடையாது. கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, நெற்றி மேடு மூன்றும் ஒருவருக்கொருவர் மாறும். பொருந்தாத மாஸ்க்கில் தண்ணீர் கசியும். கசிந்தால் முதல் நாள் முழுக்க அதைத் துடைப்பதிலேயே போகும், பாடம் ஏறாது. மாஸ்க்கில் தண்ணீரை வேண்டுமென்றே நிரப்பி மூக்கால் ஊதி வெளியேற்றுவது இந்த வகுப்பின் முக்கியமான பயிற்சி. பலர் பயந்துபோய் நின்றுவிடுவதும் அந்த இடத்தில்தான். அதை நல்ல மாஸ்க்கோடு செய்யுங்கள்.

'வைத்துப் பார்த்து' என்றது ஆன்லைனை விலக்கியது. கடையில் செய்ய வேண்டியது இது. வாரை முன்பக்கமாகத் தள்ளிவிடுங்கள். தலையை அண்ணாந்து, மாஸ்க்கை முகத்தின் மேல் சும்மா வையுங்கள், அழுத்தாதீர்கள். சிலிகோன் ஓரம் சுற்றிலும் தோலைத் தொடுகிறதா, எங்காவது இடைவெளி தெரிகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூக்கால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு குனியுங்கள். விழக் கூடாது. பலமாக இழுத்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டிக்கொள்ளும், அது சோதனை ஆகாது. கடைக்காரர் அனுமதித்தால் ஸ்நார்க்கெலின் வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை செய்யுங்கள். வாயில் ஒன்றைக் கடித்ததும் மேலுதட்டின் வடிவம் மாறிவிடும்; சும்மா நிற்கும்போது கசியாத மாஸ்க் அப்போது கசியும்.

மீசைக்காரர்களுக்குத் தனிக்குறிப்பு. மாஸ்க்கின் கீழ் ஓரம் உட்காருவது மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்னப் பட்டையில். அங்கே முடி இருந்தால் ஒவ்வொரு முடிக்கும் பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு வழி கிடைக்கும். மீசையை எடுக்கச் சொல்லவில்லை, குடும்பத்தில் பிரச்சினை வரும். மூக்குக்கு நேர் கீழே மெல்லிய கோடாக மழித்தால் பெரும்பாலும் போதும்.

கண்ணாடியின் மேல் 'டெம்பர்டு' என்றோ அதன் முதல் எழுத்தோ பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டிலிருந்து செயிண்ட் கோபேன் தட்டைக் கண்ணாடி உற்பத்தி செய்கிறது. அந்த வகைக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்தால் மேற்பரப்பு இறுகி உறுதியாகும். உடைந்தாலும் கத்தி போன்ற துண்டுகளாகாமல் சிறுசிறு கட்டிகளாக உதிரும். கார் பக்கக் கண்ணாடியில் நீங்கள் தினமும் பார்ப்பதுதான். கண்ணுக்கு இரண்டு விரல் தூரத்தில் இருக்கப்போகும் கண்ணாடி அப்படி உதிர்வதே நல்லது. பிளாஸ்டிக் வேண்டாம், கீறல் விழும், பனிக்கும்.

வாங்கி வந்த புது மாஸ்க் எவ்வளவு நல்லதானாலும் பனிக்கும். தயாரிக்கும்போது சிலிகோனிலிருந்து ஒரு மெல்லிய படலம் கண்ணாடியில் படிந்திருக்கும். பெயின்ட் ஷாப் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலையில் தேய்த்த சீரத்தில் கொஞ்சம் சிலிகோன் இருந்தால்கூட வண்டியின் பாடியில் பெயின்ட் ஒட்டாமல் குழிகுழியாகும் என்று உள்ளே விடும்போதே எச்சரிக்கிற இடம் அது. அதே வில்லன்தான் இங்கும். ஜெல் இல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையைக் கண்ணாடியின் உட்பக்கம் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒருமுறை போதாது; மூச்சை ஊதினால் திட்டுத்திட்டாக இல்லாமல் சீராகப் பனித்து உடனே மறையும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இதை வகுப்புக்கு முந்தைய இரவே வீட்டில் முடித்துவிடுங்கள், படகில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. முழு முகம் மூடுவது ஆகாது. நீச்சல் கண்ணாடியும் ஆகாது.

இரண்டுக்கும் காரணம் மூக்கு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. மாஸ்க்குக்குள் அடைபட்ட காற்று அப்போது பாதியாகச் சுருங்கப் பார்க்கும், மாஸ்க் முகத்தை உறிஞ்சும். மூக்கால் கொஞ்சம் ஊதினால் சரியாகிவிடும். நீச்சல் கண்ணாடிக்குள் மூக்கு இல்லை, ஊத வழியில்லை. கண்ணின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெடித்து வெள்ளை விழி சிவந்துவிடும்.

முழு முக மாஸ்க் வேறு விதத்தில் தப்பு. காது அடைப்பை நீக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பிறந்த இத்தாலிய மருத்துவர் வால்சால்வா பெயரால் வழங்கும் முறை இது. முழு முக மாஸ்க்கில் மூக்கு கைக்கு எட்டாது, ரெகுலேட்டரை வாயில் வைக்கவும் இடமில்லை. டெகாத்லான் 2014-இல் கொண்டுவந்த ஈஸிபிரெத் இந்த வகையில் பிரபலமானது. 2020 மார்ச்சில் இத்தாலியில் அதை வென்டிலேட்டர் மாஸ்க்காக மாற்றிக்கூடப் பயன்படுத்தினார்கள். மேற்பரப்பில் மிதந்து மீன் பார்க்கத்தான் அது. நீர்மூழ்கித் தொழிலாளர்கள் போடும் முழு முகக் கருவி வேறு ரகம், வேறு பயிற்சி.

3. பவர் கண்ணாடிக்காரர் முன்பே சொல்க.

கண்ணாடியின் காதுக் கம்பி மாஸ்க்கின் ஓரத்தைத் தூக்கிவிடும். ஆகவே உள்ளே போட முடியாது. சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போடலாம், அல்லது பவர் லென்ஸ் பொருத்தும் மாஸ்க் வாங்கலாம். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அதனால் குறைந்த பவர் உள்ளவர்கள் ஒன்றும் இல்லாமலேயே சமாளித்துவிடுகிறார்கள், கேஜ் முள் தெளிவாகத் தெரிந்தால் சரி.

'சொல்க' என்றது கண்ணுக்கு மட்டும் அன்று. ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை சிகிச்சை இவற்றையும் இனம் பற்றிக் கொள்க. வகுப்புக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆண்டு மெடிக்கல் செக்கப்பில் செய்வது போல எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று வரிசையாக டிக் அடித்துவிடாதீர்கள்.

4. ஃபின் வாங்கினால் பூட்டோடு வாங்கு.

ஃபின்னும் பூட்டும் அவசியமில்லை, இரவலாகக் கிடைக்கும். வாங்கித்தான் ஆவேன் என்பவர்களுக்கு இந்த வரி. ஃபின்னில் இரண்டு வகை. ஒன்று செருப்பு மாதிரி வெறுங்காலில் மாட்டுவது, இன்னொன்று பின்புறம் வார் உள்ளது. கொதிக்கும் மணலில் நடந்து, அலை அடிக்கும் கரையிலிருந்து ஃபைபர் படகில் ஏறுகிற நம் கடற்கரைக்கு இரண்டாவதுதான் தோது. அதை ரப்பர் பூட்டின் மேல்தான் மாட்டுவார்கள். பூட் இல்லாமல் ஃபின் வாங்கினால் அளவு தப்பும்: தளர்ந்தால் குதிகால் கொப்பளிக்கும், இறுகினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நீளமான, விறைப்பான ஃபின்னைப் பார்த்து மயங்க வேண்டாம். தினமும் எட்டு மணி நேரம் லைனில் நிற்கும் கால் அது, பாவம். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் அதெல்லாம் இல்லாமல், பாதத்தில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டே மூச்சடக்கி வேலை செய்திருக்கிறார்கள்.

5. உடை மூன்று மில்லி போதும்.

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். ஆகவே வெதுவெதுப்பான வங்காள விரிகுடாவிலும் முக்கால் மணி நேரத்தில் நடுக்கம் வரலாம். அதற்கு 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் போதுமானது. ஜெல்லிமீன் உரசாமலும் காக்கும். ஐரோப்பியக் குளிருக்குத் தைத்த 5, 7 மில்லி உடை தள்ளுபடியில் கிடைக்கிறதென்று வாங்கினால் படகிலேயே வெந்துவிடுவீர்கள். தவிர, நியோப்ரீன் முழுக்க வாயுக் குமிழிகள். தடிமன் கூடினால் மிதப்பு கூடும், மிதப்பு கூடினால் இடுப்பில் ஈயக் கட்டி கூடும்.

6. ரெகுலேட்டரும் ஜாக்கெட்டும் இரவல். கைக்கு வந்ததும் சோதி.

இந்த வரிதான் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது. "உயிரே அதுலதான் இருக்குன்னா, நம்மளோடதா இருந்தா நல்லதில்லையா சார்?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பதில் ரெகுலேட்டரின் ஜாதகத்தில் இருக்கிறது.

அது கார் தொழிலில் பிறந்த பொருள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்திருந்தபோது பொதுமக்களுக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்களை வாயுவில் ஓட்ட வேண்டியிருந்தது. எஞ்சின் இழுக்கும் அளவுக்கு மட்டும் வாயுவைத் திறந்துவிடும் ஒரு சின்ன வால்வை ஏர் லிகீட் நிறுவனத்துப் பொறியாளர் எமில் காக்னான் வடிவமைத்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்டோவின் மாமனார் அதே நிறுவனத்தில் இயக்குநர். கூஸ்டோ 1942 டிசம்பரில் காக்னானைப் பார்த்து, மனிதன் இழுக்கும் அளவுக்குக் காற்றுத் தரும் கருவி வேண்டும் என்று கேட்டபோது காக்னான் எடுத்து நீட்டியது இந்த வால்வைத்தான். 1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் சோதனை. கிடையாக நீந்தும்போது சரியாக வேலை செய்தது. நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் இழுக்கவே வரவில்லை. மூச்சை வெளியே விடும் குழாயின் வாய் ஒரு மட்டத்திலும் ரெகுலேட்டர் இன்னொரு மட்டத்திலும் இருந்ததே காரணம். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் சரியாயிற்று. ஜூன் மாதம் கடலில் இறங்கினார்கள். ரூட் காஸ் கண்டுபிடித்துத் திருத்தியதற்கு இதைவிட நல்ல உதாரணம் உங்கள் குவாலிட்டி மீட்டிங்கில் கிடைக்காது.

இன்றைய ரெகுலேட்டர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. சிலிண்டரின் 200 பாரைச் சுற்றுப்புற அழுத்தத்துக்கு மேல் சுமார் 10 பார் அளவுக்கு முதல் கட்டம் இறக்கும்; வாயில் இருக்கும் இரண்டாம் கட்டம் அதைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கே கொண்டுவரும். உள்ளே ஓ-ரிங், டயாஃபிரம், ஸ்பிரிங், சீட் எல்லாம் உண்டு. உப்புநீரில் நனைந்து அலமாரியில் கிடந்தால் வீணாகும். பெரும்பாலான உற்பத்தியாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். ஆக, வாங்குவது என்றால் பொருளோடு ஒரு பராமரிப்புப் பொறுப்பையும் வாங்குவதாகும். வருடத்துக்கு ஒரு வார இறுதி கடலில் இறங்குகிறவர் அதைச் செய்ய மாட்டார். வாரம் முழுக்க அதே கருவியைக் கழுவி மாட்டுகிறவர்கள் செய்வார்கள், செய்கிறார்களா என்று நீங்கள் பார்க்கலாம்.

எப்படிப் பார்ப்பது? காற்றைத் திறக்குமுன் வாய்ப்பகுதியைக் கடித்து இழுங்கள். காற்று வரக் கூடாது. வந்தால் எங்கோ ஓட்டை, கடலில் அதன் வழியே தண்ணீர் வரும். வாய்ப்பகுதி பல்பட்டுக் கிழிந்திருக்கிறதா, அதைப் பிடிக்கும் டேக் இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பிறகு வால்வைத் திறந்து, கேஜைப் பார்த்தபடியே நாலைந்து மூச்சு விடுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். மஞ்சள் நிற இரண்டாவது வாய்ப்பகுதியையும் விடாதீர்கள். அது அடுத்தவர் அவசரத்துக்கு வைத்திருப்பது. யாரும் தொடாததால் மணலில் இழுபட்டுக்கொண்டு வருவதும் அதுதான்.

ஜாக்கெட்டைத் தண்ணீர் படுமுன் முழுக்க ஊதி, பத்து நிமிடம் தரையில் கிடத்துங்கள். தளர்ந்தால் கசிவு. காற்றேற்றும் பட்டன் அழுத்தியதும் துள்ளி மேலே வர வேண்டும். உப்பு படிந்து அது உள்ளேயே சிக்கிக்கொண்டால் ஜாக்கெட் நிற்காமல் உப்பும், உங்களை மேலே தூக்கிப் போகும்.

7. சிலிண்டரின் தோளைப் படி. உள்ளே இருப்பது காற்று.

தொழில்முறையில் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். சிலிண்டரின் கழுத்துக்குக் கீழே வரிசை எண், நீர்க் கொள்ளளவு, வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், கடைசியாகச் சோதித்த மாதம், ஆண்டு எல்லாம் பொறித்திருப்பார்கள். பரவலாகப் பயன்படும் அலுமினியச் சிலிண்டர் 11.1 லிட்டர், 207 பார். டயர் ஆட்களின் கணக்கில் 3,000 பிஎஸ்ஐ, காருக்கு அடிப்பதைப் போலத் தொண்ணூறு மடங்கு. இந்தியாவில் இவையெல்லாம் 2016-ஆம் ஆண்டு வாயு சிலிண்டர் விதிகளின் கீழ், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் பார்வையில் வருகின்றன. சிஎன்ஜி காருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்கிறார்களே, அதே ஹைட்ரோ டெஸ்ட் இதற்கும் உண்டு. தண்ணீரை நிரப்பி அழுத்துவதற்குக் காரணம், தண்ணீர் சுருங்காது. சிலிண்டர் விட்டுப்போனாலும் வெடிக்காமல் கசியும்.

'காற்று' என்றது ஆக்சிஜனை விலக்கியது. 2021 ஏப்ரலில் கொரோனா அலையின்போது ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியான ஆக்சிஜனில் 80 டன் ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பப்பட்டதை எதிர்த்து, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நோயாளிக்கு உயிர் தந்த அதே வாயு, தூயதாக இருந்தால் 6 மீட்டர் ஆழத்திலேயே ஆபத்தின் எல்லையைத் தொடும். அதற்குக் கீழே வலிப்பு வரலாம். நம் சிலிண்டரில் இருப்பது வடிகட்டி அமுக்கிய சாதாரணக் காற்று, 21 சதவீதம்தான் ஆக்சிஜன். "நம்ம பிளான்ட் கம்ப்ரஸர்லயே அடிச்சுக்கலாமே" என்ற யோசனையும் வந்தது. அது ஏழெட்டு பார் அழுத்தத்தில் இம்பாக்ட் ரெஞ்சை ஓட்டத்தான். அதன் காற்றில் எண்ணெய்ப் பிசிறு இருக்கலாம். மூச்சுக் காற்று அடிக்கும் கம்ப்ரஸரே வேறு. அதிலும் காற்றிழுக்கும் வாய் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும். வகுப்பு நடத்துகிறவரிடம் எங்கே நிரப்புகிறீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

தம்பி அனுப்பிய ஆஃபரில் கைப்பம்போடு ஒரு குட்டிச் சிலிண்டரும் இருந்தது. அரை லிட்டர், 200 பார். பெருக்கிப் பார்த்தால் 100 லிட்டர் காற்று. ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார் என்று வைத்தால், 10 மீட்டர் ஆழத்தில் அது 40 ஆகும். இரண்டரை நிமிடம், அதுவும் பதறாமல் இருந்தால். காற்று தீர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து திசுவைக் கிழித்துவிடும். அந்தப் பொருளை வாங்குவதைவிட அந்தக் காசுக்குப் பிரியாணி சாப்பிடலாம்.

8. கம்ப்யூட்டர் பிறகு, திங்கட்கிழமை விமானம் இருந்தால் இப்போதே சொல்.

கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர், எவ்வளவு நேரம் எந்த ஆழத்தில் இருந்தீர்கள், உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போடும். 1908-இல் உடலியல் அறிஞர் ஹால்டேன் வெளியிட்ட முழுக்கு அட்டவணைகளின் வாரிசு. முதல் வகுப்பில் 18 மீட்டருக்குக் கீழே போகமாட்டீர்கள், பயிற்சியாளர் கையில் ஒன்று இருக்கும். தொடர்ந்து செய்யப்போகிறோமா என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

விமானம் வேறு விஷயம், அதைக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பார்த்தாக வேண்டும். ஏறிய நைட்ரஜன் இறங்குவதற்குள் மேலே பறந்தால் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் பிடித்துக்கொள்ளும். விமானத்தின் உள்ளே இருப்பது 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம் வரை போகலாம். ஒரே ஒரு முறை முழுகியிருந்தால் 12 மணி நேரம், தொடர்ந்து முழுகியிருந்தால் 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது டைவிங் பாதுகாப்பு அமைப்பான டான் தரும் குறைந்தபட்சக் கணக்கு. ஞாயிறு மாலையே குடும்பத்தோடு ஏற்காடு ஏறுவதும் இதில் அடங்கும், அது 1,500 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கடைசி முழுக்கு முடிந்தால் திங்கள் காலை ஏழு மணி வரை தரையில்தான் இருக்க வேண்டும். வெண்டர் ஆடிட்டுக்காக மீனம்பாக்கத்திலிருந்து காலை ஆறு மணிப் புனே விமானத்தில் பெயர் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமையே டிராவல் டெஸ்க்கில் சொல்லி மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மேனேஜர் காரணம் கேட்டால் நைட்ரஜன் என்று சொல்லலாம். நம்பமாட்டார், ஆனால் மாற்றித் தருவார்.